கேட்டவர் பெயர் இருக்கிறது, பதில் எங்கே?

ரெட்டமலை சீனிவாசன் நினைவுப் பேருரை, கீழச்சிவல்பட்டி

 

இந்த உரையை வாசிப்பவர் ஒருவர்; எழுதியவர்கள் நாங்கள் நான்கு பேர். அதனால் 'நான்' என்ற சொல் இதில் வராது. எங்களுக்குள் ஒத்துவராத இடங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

பாடுவார் முத்தப்பர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. தமிழுக்குக் குறைவில்லாத ஊர். கொண்டுவிக்கப் போனவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணம் இந்த வட்டாரத்தில் வீடாகவும் கோயிலாகவும் ஊருணியாகவும் பள்ளிக்கூடமாகவும் நிற்கிறது. அந்தப் பள்ளிக்கூடங்களின் வாசலில் நம் பாட்டன்மார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுதாகும்.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன் வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது என்ற ரகத்தில் அவை இருந்தன. கேட்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, குதிர்கள் உடைக்கப்பட்டன, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, இவர்கள் பிள்ளைகள் எழுத்தறியக்கூடாது என்பது. அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. இவையெல்லாம் ஹட்டன் என்ற வெள்ளைக்கார மக்கள்தொகைக் கணக்கு ஆணையர் எழுதி வைத்தது. நம் பாட்டிகளும் எழுத்தில்லாமல் இதையே சொன்னார்கள். இன்று இருக்கும் யாருடைய பேரப்பிள்ளைகளையும் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. 'பிள்ளை படிக்கக்கூடாது' என்பது வெறும் மனப்பான்மையாக மட்டும் இருக்கவில்லை, வரிசை எண் போட்ட சட்டமாகவே இந்த மண்ணில் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு பேச்சுக்குள் போவோம்.

அதே ஆண்டுகளில் சென்னையில் சட்டமன்ற மேலவை கூடிக்கொண்டிருந்தது. அங்கே நம்மவர்கள் சிலர் எழுந்து நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த உரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று மந்திரியைப் பார்த்துக் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த உரிமையே எளிதில் வரவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு சபையில் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. 1909க்கு முன்பு துணைக்கேள்வி கிடையாது. 1920 தேர்தலுக்குப் பிறகு எம்.சி.ராஜாவும், 1923இல் ரெட்டமலை சீனிவாசனும் உள்ளே போனபோது, பதில் சொல்லும் மந்திரியை அதே இடத்தில் மடக்கிக் கேட்கும் வசதி வந்து பதினைந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

சீனிவாசன் எப்படிப்பட்ட பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்? கோயம்புத்தூரில் தன்னோடு படித்த நானூறு பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி இருந்த சிறுவன் அவர். அந்தச் சிறுவன்தான் பிறகு தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்து 1893இல் நடத்தினார். ஒளித்த பெயரையே பலகையில் எழுதி மாட்டிய மனிதர்.

1924இல் அவர் மேலவையில் கொண்டுவந்த தீர்மானம் நம் மாணவர்களுக்குத் தெரியும். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எங்கும் எந்த வகுப்பினரும் போகலாம் என்று அதன் பேரில் அந்த ஆண்டு செப்டம்பர் 25இல் அரசாணை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ராஜாவின் தீர்மானத்தால் அரசுப் பதிவேடுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. தீர்மானங்களைக் கொண்டாடுகிறோம், சரி. அவற்றைச் சுற்றி நடந்த கேள்வி பதில்களை யாரும் கொண்டாடுவதில்லை. கோயம்புத்தூர் ஆர். வீரையன் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டு, பிறகு அவைக்குள்ளும் போனார். எல்.சி.குருசாமி சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திக்கொண்டே உறுப்பினராக இருந்தார். மானியத்தைப் பற்றி இவர்கள் வாய்திறந்தால், எதிரே இருப்பவர் கணக்கை மட்டும் படித்துத் தப்பிக்க முடியாது. கரும்பலகைக்கு என்ன விலை என்று தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவை.

கேள்வியின் வேலை என்ன? ஓர் உதாரணம் போதும். 1919இல் சென்னை மாகாண அரசே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. அதாவது பதின்மூன்றில் ஒன்று. பள்ளிக்கூடம் அக்கிரகாரத்தில் இருக்கும், அல்லது கோயில் மண்டபத்தில், சத்திரத்தில் இருக்கும். பிள்ளையைச் சேர்க்கமாட்டேன் என்று வாத்தியார் சொல்லவே வேண்டியதில்லை, தெருவே சொல்லிவிடும். அரசு பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. '609' என்ற எண் வெளியே வரும்வரை 'எல்லோருக்கும் கல்வி' என்ற பேச்சுக்குப் பங்கமில்லை. எண் வந்த பிறகு, 'மீதி 7,548 பள்ளிக்கு ஏன் மானியம்?' என்று கேட்க முடிந்தது.

அடுத்து ஒரு தந்திரம் வந்தது. இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கல்வி, மந்திரியின் பொறுப்பு. நம் மக்களுக்கான பள்ளிகளைத் தொடங்கிய லேபர் கமிஷனரோ, மந்திரிக்குக் கட்டுப்படாத, கவர்னர் பக்கத்து இலாகாவில் இருந்தார். சேரிப் பள்ளிக்குக் கூரை இல்லை என்று கேட்டால் எந்தப் பக்கத்து மேசை பதில் சொல்லும்? கல்வி அமைச்சரிடம் கேட்டால் அது தொழிலாளர் இலாகா. அங்கே கேட்டால் கல்வி பொதுவான விஷயம். எங்களில் ஒருவர் இதை எழுதும்போது சிரித்துவிட்டார். 'ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு வாத்தியார் இல்லை' என்று இன்றைக்கு மனு கொடுக்கும் பெற்றோருக்கு நடப்பதும் இதுதானே. அந்த லேபர் பள்ளிகளின் நேர் வாரிசுதான் நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். லேபர் இலாகா அரிஜன நலத் துறையாகி, பிறகு ஆதிதிராவிடர் நலத் துறையானது. பெயர் இரண்டு முறை மாறியும் இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கும் நிலை மாறவில்லை. 2023-24 பட்ஜெட்டில் இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். நம்மவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். நம் நிலம், நம் ஆசிரியர் பணியிடம், நம் விடுதி எல்லாம் பொதுக்கணக்கில் கரைந்துபோகும் என்பது அவர்கள் அச்சம். தனித் துறை தனிச் சேரிதானே என்பது மறுபக்கம். நாங்கள் நால்வரும் இதில் இரண்டு பட்டோம். ஆனால் இணைக்கும் முன்பு எத்தனை பள்ளி, எத்தனை ஏக்கர், எத்தனை காலியிடம் என்று அவையில் முழுக் கணக்கு வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

பம்பாய்க்குப் போவோம். அங்கே 1927இல் மேலவைக்குப் புதிதாக வந்த அம்பேத்கர், மார்ச் 12ஆம் தேதி கல்வி மானியத்தின் மீது பேசினார். இன்றைய மாணவர்கள் அந்தப் பேச்சைத் தேடிப் படிக்க வேண்டும். அதில் அடுக்குமொழி கிடையாது. முழுக்க எண்கள். அரசு கல்விக்கு ஆளுக்குப் பதினான்கு அணா செலவு செய்கிறது, சாராய ஆயத்தீர்வையாக அதே ஆளிடமிருந்து இரண்டு ரூபாய்க்கும் மேல் வசூலிக்கிறது என்றார். மக்களிடமிருந்து சாராயத்தில் எடுத்த அளவாவது கல்வியில் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். இந்த வேகத்தில் போனால் பையன்கள் எல்லோரும் பள்ளிக்கு வர நாற்பது ஆண்டு, பெண் பிள்ளைகள் வர முந்நூறு ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆரம்பப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவது பதினெட்டு. மிச்சம் எண்பத்திரண்டு பேர் மறுபடி எழுத்தறியாதவர்களாகிறார்கள், அவர்களுக்குச் செலவழித்த பணம் மண்ணில் கொட்டிய தண்ணீர் என்பது அவர் வாதத்தின் சாரம். கல்லூரிக் கணக்கில், இரண்டு லட்சம் மக்களுக்கு முற்பட்ட இந்துக்கள் ஆயிரம் பேர் என்றால் ஒடுக்கப்பட்டோர் அநேகமாக ஒருவரும் இல்லை.

அந்தச் சாராயச் சமன்பாட்டை இன்று தமிழ்நாட்டில் போட்டுப் பார்த்தோம். 2024-25இல் டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஆண்டு ஒன்று தள்ளித்தான் ஒப்பிடுகிறோம், ஆனாலும் தராசு கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. அம்பேத்கர் கேட்டது நிறைவேறிவிட்டதா? எங்களில் ஒருவர் 'ஆம், அதையும் சொல்லத்தான் வேண்டும், தமிழ்நாடு பள்ளிக்குச் செலவழிக்கிற மாநிலம்' என்றார். உண்மைதான். காலை உணவும் மதிய உணவும் பேருந்துச் சீட்டும் எங்கள் வீடுகளில் படித்தவர்களை உண்டாக்கின. ஆனால் 1927இல் அவர் கேட்டதில் இரண்டு பாதி இருந்தது. மொத்தம் எவ்வளவு என்பது ஒன்று. அதில் யாருக்கு எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் பாதிக்கு எண் கிடைக்கிறது. இரண்டாவது பாதிக்கு எண் தேடினால் 'தகவல் திரட்டப்படுகிறது'. குடிப்பவரின் கூலி எந்தத் தெருவிலிருந்து போகிறது என்று கேட்டால் அதற்கும் கணக்கில்லை.

இந்த இரண்டாவது பாதியை எழுத்தில் பிடித்து வைத்த ஒரு வாக்கியம் பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. செப்டம்பர் 24ஆம் தேதி அதன் ஆண்டு நாள். 1932இல் அதில் கையெழுத்திட்டவர்களில் ரெட்டமலை சீனிவாசனும் ராஜாவும் உண்டு. பூனா என்றதும் நாம் தொகுதியைப் பற்றியே பேசுவோம், இழந்த இரட்டை வாக்கைப் பற்றிப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று அதில் உண்டு. ஒவ்வொரு மாகாணமும் தன் கல்வி மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்விக்கென்று போதுமான தொகையைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்கிறது அது. தொகுதிப் பிரிவு சட்டமானது. கல்விப் பிரிவில் 'போதுமான' என்ற சொல்லுக்கு அளவு போடவில்லை. அளவில்லாத சொல்லை அரசு எப்போதும் நிறைவேற்றிக்கொண்டே இருக்கும்.

1979-80இல் சிறப்புக் கூறுகள் திட்டம் வந்தபோது அளவு வந்தது. மக்கள்தொகையில் எவ்வளவோ திட்டச் செலவிலும் அவ்வளவு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது. பட்ஜெட் புத்தகத்தில் 789 என்ற துணைத் தலைப்பைத் தேடினால் அந்தப் பணம் இருக்கும். இருக்கும், ஆனால் எங்கே இருக்கும்? பொதுவாக எல்லோருக்கும் ஓடும் திட்டத்தில் நமக்கும் ஒரு பங்கு போயிருக்கும் என்று காகிதத்தில் காட்டுவது ஒரு வழி. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியிலிருந்து 1,540 கோடி எடுப்பதைத் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் கேள்வி கேட்டது. பயனாளிகளில் நம் பெண்களும் இருக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்குக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய் நம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அவள் பிள்ளையின் விடுதிப் பணத்திலிருந்து வருகிறது என்றால், அதை உரிமைத் தொகை என்பதா, கைமாற்று என்பதா? இதை அவையில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2024இல் இந்த நிதிக்கென்று மாநிலச் சட்டமும் வந்தது. அதைப் படித்துவிட்டு அடுத்த கேள்வியைத் தயாரிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறோம்.

இனி வெளிநாட்டுப் பணம். நம் கல்வி வரலாற்றில் இதைத் தொடாமல் போக முடியாது. செங்கல்பட்டுச் சேரிகளில் வெஸ்லியன் மிஷன் கௌடியும் ஸ்காட்லாந்து மிஷன் ஆடம் ஆண்ட்ருவும் நடத்திய பள்ளிகளுக்கு எங்கோ ஒரு தேவாலயத்தில் உண்டியலில் விழுந்த காசு வந்தது. 1894இல் அமெரிக்கர் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசர் அவரோடு சேர்ந்து நடந்த காலம் அது. பிற்பாடு அமெரிக்கப் பால்மாவும் கோதுமை ரவையும் வந்தன. கேர் நிறுவனம் வழியாக 1960களில் மதிய உணவுக்கு வந்த அந்த உப்புமாவின் வாசனை எங்கள் மூத்தவர்களுக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. 1994இல் உலக வங்கிக் கடனோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. தருமபுரி, திருவண்ணாமலை அதில் சேர்ந்தன. 2004இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு உலக வங்கி 50 கோடி டாலர் கடன் கொடுத்தது, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நிதி கொடுத்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டனிலிருந்து பணம் வந்தபோது லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தங்கள் மந்திரிகளைத் துளைத்தார்கள். விண்கலம் விடும் நாட்டுக்கு ஏன் நம் வரிப்பணம், கொடுத்த பணம் பிள்ளைக்குப் போனதா என்று. அதில் பழைய எஜமான வாசனையும் இருந்தது, நியாயமும் இருந்தது. நம் மாநிலங்களவையில் கேள்வி நேரத்தில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சொன்ன பதில், அந்த உதவி நமக்குத் தேவையில்லை, மொத்த வளர்ச்சிச் செலவில் அது வெறும் கடலை என்ற பொருளில் இருந்தது. 2012 நவம்பரில் பிரிட்டன், 2015க்குப் பிறகு நிதியுதவி இல்லை என்று அறிவித்தது. மானம் காத்த பதில்தான். ஆனால் கடலையாக இருந்தாலும் அது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று கொடுத்த நாட்டின் உறுப்பினர் கேட்ட அளவுக்கு வாங்கிய நாட்டின் உறுப்பினர் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

இப்போது காற்று திரும்பிவிட்டது. இந்தியா கொடுக்கும் நாடு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் பூட்டானுக்கு 2,150 கோடி, மாலத்தீவுக்கு 600 கோடி. தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டியிருந்த சமக்ர சிக்ஷா நிதி 2,151 கோடியே 59 லட்சம். அது நிறுத்தப்பட்டது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை, அதாவது புதிய கல்விக் கொள்கையை முழுதாக ஏற்கவில்லை என்பது காரணம். இரண்டு தொகைக்கும் வித்தியாசம் இரண்டு கோடிகூட இல்லை. மேடைப் பேச்சாளர் கையில் இது கிடைத்தால் அரங்கம் அதிரும்: பூட்டானுக்கு இருக்கிறது, நம் பிள்ளைக்கு இல்லையா!

நாங்கள் அப்படிப் பேச விரும்பவில்லை. பூட்டானுக்குப் போவதில் நீர்மின் திட்டக் கடனும் உண்டு, அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் இங்கே வருகிறது. அதைவிட முக்கியம், இந்த வெளிநாட்டு உதவிக் கணக்கில்தான் இலங்கை மலையகத்துக்கு வீடுகள் போயின. முதலில் நாலாயிரம், பிறகு பத்தாயிரம் வீடுகள் என்று திட்டம். 2023இல் மலையகத் தமிழருக்கென்று 75 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அந்த லயத்து அறைகளில் இருப்பவர்கள் யார்? இந்த இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து மண்டபம் முகாமைத் தாண்டிப்போன நம் சனங்களின் பேரர்கள். அவர்களில் பெரும்பகுதி சேரியிலிருந்து போனவர்கள். ஏழையின் வாய்க்கு ஏழையின் தட்டைக் காட்டிப் பேசுவது நமக்கு வேண்டாம். நம் கேள்வி வேறு: அயல் நாட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இல்லாத நிபந்தனை, வரி கட்டிய மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஏன்?

இந்தக் கேள்வி அவைக்கு வந்த நாள் 2025 மார்ச் 10. மக்களவைக் கேள்வி நேரத்தில் கவிஞரும் தென் சென்னை உறுப்பினருமான தமிழச்சி தங்கபாண்டியன் இதைக் கேட்டார். கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதிலில், தமிழ்நாட்டு ஆட்சியாளர்கள் நேர்மையற்றவர்கள், நாகரிகமற்றவர்கள் என்ற சொற்கள் வந்தன. கனிமொழி எதிர்த்தார், அமைச்சர் சொல்லைத் திரும்பப் பெற்றார், அது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த நாள் ஊரெல்லாம் 'நாகரிகம்' பற்றியே பேச்சு. உருவ பொம்மை எரிந்தது. சொல் காயப்படுத்தியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண் அடிபட்டுப் போனது. மாநில அரசின் கணக்கில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர், பணியாளர் ஊதியம் அந்த நிதியில் இருந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த இருபத்தைந்து விழுக்காட்டுப் பிள்ளைகளின் கட்டணமும் அதில் இருந்தது. மே மாதம் தமிழ்நாடு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. கட்டாயக் கல்விச் சட்டத்துப் பங்கைக் கொள்கை நிபந்தனையோடு முடிச்சுப் போடக்கூடாது என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மந்திரி அவையில் சொல்லாத பதிலை நீதிமன்றத்தில் தேட வேண்டிய காலம்.

டெல்லியைக் கேட்பது நம் மாநிலத்துக் கட்சிகளுக்குப் பிடிக்கும், கைத்தட்டல் உண்டு. சென்னையைக் கேட்பது பிடிக்காது. ரெட்டமலையார் இரண்டையும் செய்தார். வட்டமேசைக்கு லண்டன் போனபோதும் கேட்டார், சென்னை மேலவையில் நீதிக்கட்சி மந்திரிகள் இருக்கும்போதும் கேட்டார். எம்.சி.ராஜா நீதிக்கட்சியோடு நடந்தவர்தான், புளியந்தோப்புக்குப் பிறகு 1923இல் அதைவிட்டு விலகினார். நட்பு அரசு என்பதற்காகத் துணைக்கேள்வியை விழுங்கியவர்கள் இல்லை அவர்கள்.

கேட்டதற்குப் பலன் கிடைத்த கதையும் ஒன்று உண்டு. 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவுக்கு அம்பேத்கர் ஒரு மனு கொடுத்தார். அப்போது அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவிலேயே உறுப்பினர். அலிகாருக்கும் காசிப் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுக்கு மூன்று மூன்று லட்சம் கொடுக்கிறீர்களே, எங்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். மூன்று லட்சம் கிடைத்தது. அதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களும் உண்டு. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் அந்த மனுவின் பிள்ளைகள்.

அந்த உதவித்தொகையும் காகிதத்தில் ஒளிந்து விளையாடியது. ஒரு திட்டக் காலத்தின் கடைசி ஆண்டில் எவ்வளவு செலவானதோ அதை அடுத்த காலத்தில் மாநிலமே சுமக்க வேண்டும், அதற்கு மேல் வந்தால்தான் ஒன்றியம் தரும் என்று ஒரு விதி. விதியின் பலன், 2017-18 முதல் மூன்று ஆண்டு ஒன்றியம் நாடு முழுமைக்கும் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேட்டுக் கேட்டு, 2020 டிசம்பரில்தான் அறுபதுக்கு நாற்பது என்று பங்கு மாறியது. ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி, அதில் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடி. அந்த விதி ஓடிய காலத்தில் எங்களில் ஒருவர் கல்லூரி முடித்தார். உதவித்தொகை வரவில்லை என்று மாற்றுச் சான்றிதழைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி மட்டும் செய்த வேலை இல்லை அது. அவருடைய அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்து மீட்டுக்கொண்டு வந்தார். பணம் பதினொரு மாதம் கழித்துக் கணக்கில் ஏறியது. தோடு வட்டியில் மூழ்கிவிட்டது. 'உறுதியேற்ற பொறுப்பு' என்று அந்த விதிக்குப் பெயர் என்பது அவருக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பார்?

அதனால்தான் பேச்சின் கடைசிப் பகுதியை மாணவர்களிடம் விடுகிறோம். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு எடுக்கும் கேள்விகள் இருபதுதான். அதில் முதல் ஐந்தாறு வருவதற்குள் மணி பன்னிரண்டு. எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் போகும், அங்கேதான் புதையல். இணையத்தில் உறுப்பினர் பெயர்வாரியாக எடுக்கலாம். சிவகங்கைத் தொகுதி உறுப்பினர் என்ன கேட்டார், விழுப்புரம் ரவிக்குமார் என்ன கேட்டார், பதில் என்ன வந்தது என்று எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. அதில் 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்ற பதில் ஒரு காலைக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் ஒரு நாள் எண்ணினோம், நடுவில் விட்டுவிட்டோம்.

உறுப்பினருக்குக் கேள்வி யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரிய நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கின்றன, சங்கங்கள் எழுதிக் கொடுக்கின்றன. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, பெரிய அமைப்பு வாங்கிய பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பகிரக்கூடாது என்று ஆக்கினார்கள். கிராமத்தில் மாலைப் பள்ளி நடத்திய சின்னக் குழுக்கள் அதில்தான் காய்ந்தன. அந்தக் குழுக்கள் மூடியதில் நாம் அதிகமாக இழந்தது, தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுத்துக் கேள்வி தயாரித்த அந்தக் கைகளை. இனி அதை நாமேதான் செய்ய வேண்டும், அதற்கு வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில்.

திருப்பத்தூர் வட்டத்தில் ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகள் எத்தனை, காப்பாளர் இடம் எத்தனை காலி, கடந்த ஐந்து ஆண்டில் 789 தலைப்பில் வந்து செலவாகாமல் திரும்பியது எவ்வளவு, எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு எழுதியவர் எத்தனை. நான்கு கேள்விகளை மனு வடிவில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையும் அங்கேயே இருக்கிறது. பெயரும் முகவரியும் நீங்கள் எழுத வேண்டும். தேநீருக்குப் பிறகு ஐந்தாவது கேள்வி என்ன என்று நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.